காவ்தியோ: குடியரசுகளில் ஒரே ஆளின் ஆட்சி வேரூன்றிய விதம்

லத்தீன் அமெரிக்க வரலாற்றைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு குழப்பம் கட்டாயம் வரும். ஸ்பானிய மொழி பேசும் அந்த நாடுகளில் பெரும்பாலானவை 1825-க்குள்ளாகவே விடுதலை பெற்றுவிட்டன. ஆசியாவின் பெரும்பகுதி அரசர்களின் கீழோ அந்நியர்களின் கீழோ இருந்த காலத்தில் அங்கே எழுதப்பட்ட அரசியலமைப்புச் சட்டம் இருந்தது, சட்டமன்றம் இருந்தது, தேர்தலும் நடந்தது. ஆனால் பக்கத்தைப் புரட்டினால் வரிசையாக ஜெனரல்களின் பெயர்கள்தான் வருகின்றன. வெனிசுவேலாவில் கோமெஸ் 27 ஆண்டு, டொமினிக்கன் குடியரசில் த்ருஹியோ 31 ஆண்டு, பராகுவேயில் ஸ்ட்ரோஸ்னர் 35 ஆண்டு. சட்டப் புத்தகம் ஒருபக்கம் இருக்க, நாடு ஒரே ஆளின் கையில் போனது எப்படி?

"அந்த மக்களின் சுபாவமே அப்படி, அவர்களுக்கு இரும்புக்கரம்தான் பிடிக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்த ஆட்சிகளை எதிர்த்துச் சிறையிலும் நாடுகடத்தலிலும் வாழ்க்கையைத் தொலைத்தவர்களும் அதே மக்கள்தானே. காரணத்தை ரத்தத்தில் தேடாமல், யாரிடம் போனால் காரியம் நடந்தது என்று தேடினால் விடை கிடைக்கும்.

இந்த வகைத் தலைவருக்கு ஸ்பானிய மொழியில் காவ்தியோ என்று பெயர். தனக்கென்று ஆயுதம் ஏந்திய ஆட்களை வைத்திருப்பவர் என்று புரிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும். அவருக்குப் படையில் பதவி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவரைச் சுற்றியிருப்பவர்கள் நாட்டுக்கோ சட்டத்துக்கோ அல்லாமல் அவருக்கே கட்டுப்பட்டவர்கள். பின்னாளில் ஸ்பெயினின் ஃபிராங்கோ இந்தப் பெயரைப் பட்டமாகவே சூட்டிக்கொண்டார். அவர் கால நாணயங்களில் "கடவுள் அருளால் ஸ்பெயினின் காவ்தியோ" என்று பொறிக்கப்பட்டிருக்கும்.

அரசர் போன பிறகு

1808-இல் நெப்போலியன் ஸ்பெயினின் அரசர் ஏழாம் ஃபெர்னான்தோவைச் சிறைப்பிடித்து, தன் அண்ணன் ஜோசப்பை அந்த அரியணையில் உட்கார வைத்தார். அமெரிக்கக் கண்டத்தில் இருந்த ஸ்பானியக் குடியேற்றங்களில் அதுவரை ஏறத்தாழ 300 ஆண்டுகள் எல்லா அதிகாரமும் அரசரின் பெயரிலேயே இறங்கி வந்தது. வைஸ்ராய், நீதிபதி, பேராயர் என எல்லாரும் கடலுக்கு அப்பாலிருந்து நியமிக்கப்பட்டவர்கள். உள்ளூர்க்காரர்கள் நகரசபைக்கு மேல் எதையும் நடத்திப் பழகியதில்லை. உச்சியில் இருந்த அரசரே இல்லாமல் போனதும், அவர் பெயரால் நடந்த எல்லாவற்றுக்கும் ஆதாரம் போய்விட்டது.

அடுத்து வந்தது சுமார் 15 ஆண்டுப் போர். அது முடிந்தபோது கஜானா காலி, சுரங்கங்கள் பாழ், சம்பளம் கிடைக்காத படைகள் எங்கும் அலைந்தன. புதிய குடியரசுகளுக்கு வரி வசூலிக்க ஆளில்லை. தலைநகரைத் தாண்டினால் காவல்துறை என்று ஒன்றும் இல்லை. கிராமப்புறத்தில் மிஞ்சியிருந்தது பெரிய பண்ணைகள்தான். பண்ணைக்காரர் வேலை கொடுத்தார், கடன் கொடுத்தார், சண்டைகளைத் தீர்த்துவைத்தார், தன் ஆள் ஒருவன் சிக்கலில் மாட்டினால் மறைத்துக் காப்பாற்றினார். பதிலுக்கு, அவர் கூப்பிட்ட அன்று ஆட்கள் குதிரையேறி வந்தார்கள். வெனிசுவேலாவில் பாயெஸ் புல்வெளிக் குதிரைவீரர்களை வைத்துக்கொண்டு அதிபரானார். குவாத்தமாலாவில் காரெரா மலைக்கிராமத்து விவசாயிகளின் ஆதரவில் எழுந்தார்.

விடுதலை வீரர் சிமோன் பொலிவாரே இந்த நிலைமையைக் கண்டு பயந்தார். 1826-இல் பொலிவியாவுக்காக அவர் எழுதிக்கொடுத்த அரசியலமைப்பில் அதிபர் ஆயுள் முழுக்கப் பதவியில் இருப்பார், தனக்குப் பின் வருபவரையும் அவரே தேர்ந்தெடுப்பார். கண்டத்தையே விடுவித்த மனிதருக்கும், குழப்பத்துக்கு மருந்தாக ஒரே ஆளைத் தவிர வேறொன்று தோன்றவில்லை என்பதை நினைத்தால் அந்தக் காலத்தின் நெருக்கடி புரியும்.

ரோசாஸ்

காவ்தியோ என்றால் என்ன என்பதை ஒரே ஆளை வைத்து விளக்க வேண்டுமென்றால் நான் அர்ஜென்டினாவின் ஹுவான் மானுவேல் தெ ரோசாஸைத்தான் சொல்வேன். 1793-இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பியூனஸ் அயர்ஸ் மாகாணத்தில் மாட்டுப் பண்ணைகளும் இறைச்சியை உப்பிட்டு ஏற்றுமதி செய்யும் தொழிலும் நடத்தினார். பண்ணை வேலையாட்களான கௌச்சோக்களைப் போலவே குதிரை ஏறுவார், அவர்களைப் போலவே உடுத்துவார், பேசுவார். அவர்களைத் திரட்டிச் சொந்தக் குதிரைப்படை ஒன்றும் வைத்திருந்தார்.

இயற்கையியலாளர் சார்லஸ் டார்வின் 1833-இல் தன் கடற்பயணத்தின்போது ரோசாஸை அவருடைய முகாமிலேயே சந்தித்தார். அவரைப் பற்றி ஊரார் சொன்ன ஒரு கதையைப் பயணக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குடியும் சூதாட்டமும் சண்டையும் நடக்கும் நாள் என்பதால், தன் பண்ணையில் அன்று யாரும் கத்தி வைத்திருக்கக் கூடாது என்று ரோசாஸ் விதி போட்டிருந்தார். மீறினால் தொழுக்கட்டை, அதாவது கைகால்களை மாட்டிப் பூட்டிவைக்கும் மரச்சட்டம். ஒரு ஞாயிறு ஆளுநர் வருகிறார் என்று அவசரமாக எழுந்து போன ரோசாஸின் இடுப்பிலேயே வழக்கம்போல் கத்தி இருந்தது. மேற்பார்வையாளர் அவர் கையைத் தொட்டு விதியை நினைவுபடுத்தினார். உடனே ஆளுநரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொழுக்கட்டையில் போய் மாட்டிக்கொண்டார் ரோசாஸ். சற்று நேரத்தில் மற்றவர்கள் வற்புறுத்தவே மேற்பார்வையாளர் அவரை விடுவித்தார். வெளியே வந்த ரோசாஸ் அவரைப் பார்த்து, "இப்போது விதியை மீறியது நீ, என் இடத்துக்கு நீ போ" என்று அவரை உள்ளே தள்ளினார்.

கௌச்சோக்கள் இதை நேர்மையின் அடையாளமாகச் சொல்லி மகிழ்ந்தார்கள். உற்றுப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். விதியைப் போட்டவர் அவர், மீறியவர் அவர், தண்டனை கொடுத்தவரும் அவர். அந்தச் சட்டம் அவருடைய உடம்போடு ஒட்டியிருந்தது. ரோசாஸ் தன் செல்வாக்கை நாட்டின் நன்மைக்குப் பயன்படுத்துவார் என்றுதான் டார்வின் முதலில் எழுதினார். 1845-இல் அந்த வரிக்கு அவரே அடிக்குறிப்பு சேர்த்தார்: தன் கணிப்பு முழுக்க, பரிதாபமாகப் பொய்த்துப்போனது என்று.

ஏனென்றால் அதற்குள் ரோசாஸ் பியூனஸ் அயர்ஸ் மாகாணத்தின் சர்வாதிகாரி ஆகியிருந்தார். 1829 முதல் 1832 வரை ஒருமுறை ஆளுநராக இருந்தார். 1835-இல் இரண்டாம் முறை வந்தபோது "பொது அதிகாரம் முழுவதும்" தனக்கு வேண்டும் என்று கேட்டார், சட்டமன்றம் கொடுத்தது. அது போதாதென்று வாக்கெடுப்பும் நடத்தினார். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆதரவு, எதிர்த்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது, அவர் சட்டமன்றத்தை மூடவில்லை என்பது. அதன் வாயாலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பின்னாளில் வந்தவர்களும் பெரும்பாலும் இதே வழியில்தான் போனார்கள்.

சிவப்பு அவருடைய கட்சியின் நிறம். அரசு ஊழியர்கள் நெஞ்சில் சிவப்பு நாடா குத்திக்கொள்ள வேண்டும். நாளடைவில் எல்லாருமே குத்திக்கொண்டார்கள், பெண்கள் தலைமுடியில் கட்டினார்கள். நீலமும் பச்சையும் எதிரிகளின் நிறங்களாகிவிட்டன. தாடியை இரு கன்னங்களோடு சேர்த்து மீசையில்லாமல் விட்டாலும் ஆபத்துதான். அது எதிர்க்கட்சிக்காரர்களின் பாணி. தேவாலயப் பீடங்களில் ரோசாஸின் படம் வைக்கப்பட்டது. இவற்றைக் காக்க மசோர்கா என்ற கும்பல் இருந்தது. வீடு புகுந்து அடிப்பது, கழுத்தை அறுப்பது அவர்கள் வேலை. பயமும் பக்தியும் ஒரே நாடாவில் கட்டப்பட்டிருந்ததால், யார் எதற்காக அணிந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

பயம் மட்டும்தான் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அவருடைய மனைவி என்கார்னாசியோன் எஸ்குர்ரா நகரத்தின் ஏழைகளிடையே ஆதரவாளர் வலையைக் கட்டி வளர்த்தார். வீட்டுக்கு வந்து உதவி கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியதில்லை. கறுப்பின மக்களின் நடன விழாக்களுக்கு ரோசாஸும் மகள் மனுவேலிதாவும் நேரில் போய் உட்கார்ந்தார்கள். படித்த மேல்தட்டுக் கனவான்கள் யாரும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. அந்த மக்களின் அன்பு உண்மையானது, அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த அன்புக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்பதை 1848 காட்டியது. கமிலா ஓ'கோர்மன் என்ற மேல்தட்டுக் குடும்பத்து இளம்பெண், லதிஸ்லாவோ குத்தியெர்ரெஸ் என்ற பாதிரியாரைக் காதலித்து அவரோடு ஊரைவிட்டுப் போனாள். இருவரும் பிடிபட்டார்கள். விசாரணை எதுவும் இல்லாமல் ரோசாஸின் ஒரே உத்தரவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவள் கர்ப்பமாக இருந்தாள். ரோசாஸின் ஆதரவாளர்களே அதிர்ந்துபோனார்கள். மேல்முறையீடு செய்ய யாரிடம் போவது?

1852 பிப்ரவரி 3 அன்று காசேரோஸ் என்ற இடத்தில் அவர் தோற்றார். தோற்கடித்த உர்கீசாவும் ஒரு காவ்தியோதான், நெடுநாள் கூட்டாளியும்கூட. ரோசாஸ் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குத் தப்பிப்போய், அங்கே சிறு பண்ணையாளராக வாழ்ந்து 1877-இல் இறந்தார். அவர் போன மறு ஆண்டே எழுதப்பட்ட அர்ஜென்டின அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு, "பொது அதிகாரம் முழுவதையும்" எந்த ஆட்சியாளருக்கும் சட்டமன்றம் கொடுக்கக் கூடாது, கொடுப்பவர்கள் தாய்நாட்டுத் துரோகிகள் என்று சொல்கிறது. இன்றும் அந்தப் பிரிவு நடைமுறையில் இருக்கிறது.

படை ஒன்றே ஒன்றானபோது

19-ஆம் நூற்றாண்டுக் காவ்தியோக்களுக்கு ஒரு வரம்பு இருந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் இன்னொரு காவ்தியோ இருந்தான். மெக்சிகோவின் சாந்தா அன்னா அதிபர் பதவிக்குப் பலமுறை வந்தார், பலமுறை துரத்தப்பட்டார். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் 1838-இல் அவர் இழந்த காலை 1842-இல் ராணுவ மரியாதையோடு தலைநகரில் அடக்கம் செய்தார்கள். 1844-இல் ஆட்சி கவிழ்ந்ததும் கூட்டம் அதைத் தோண்டியெடுத்துத் தெருத்தெருவாக இழுத்துப்போனது.

ரயிலும் தந்தியும் நவீனத் துப்பாக்கியும் வந்தபின் இந்த வரம்பு தளர்ந்தது. 1876 முதல் 1911 வரை, நான்கே ஆண்டு இடைவெளியோடு மெக்சிகோவை ஆண்ட பொர்ஃபிரியோ தியாஸால், ரயில் பாதை போகுமிடமெல்லாம் தன் காவலர்களையும் அனுப்ப முடிந்தது. கரீபியன், மத்திய அமெரிக்கப் பகுதிகளில் அமெரிக்கா நேரடியாகவே இதைச் செய்துகொடுத்தது. டொமினிக்கன் குடியரசை 1916 முதல் 1924 வரை ஆக்கிரமித்திருந்த அமெரிக்கக் கடற்படை, வட்டாரத் தலைவர்களின் ஆயுதங்களைப் பறித்துவிட்டு, அரசியல் கலக்காத ஒரே தேசியக் காவல்படையை உருவாக்குவதாகச் சொன்னது. படை உருவானது. எதிர்த்து நிற்க வேறு ஆயுதம் நாட்டில் இல்லை என்பதால், அதன் தலைமையைப் பிடித்தவர் நாட்டையே பிடித்தார். அவர்தான் ரஃபாயேல் த்ருஹியோ. நிகராகுவாவிலும் இதே கதை. 1933-இல் அமெரிக்கப் படை வெளியேறியபோது தேசியக் காவல்படை அனஸ்தாசியோ சொமோசாவின் கையில் இருந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில், அதிபர் மாளிகையில் விருந்து முடிந்து வெளியே வந்த கிளர்ச்சித் தலைவர் சாந்தினோவை அந்தப் படை பிடித்துச் சுட்டுக் கொன்றது. சொமோசா குடும்பம் 1979 வரை நகரவில்லை.

த்ருஹியோ 1930-இல் பதவியேற்றார். தலைநகர் சான்டோ டொமிங்கோவின் பெயரை 1936-இல் த்ருஹியோ நகரம் என்று மாற்றினார். உப்பு வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கினார். சர்க்கரை ஆலைகளில் பெரும்பகுதி பின்னர் அவருடையதானது. அரசு ஊழியர் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு அவருடைய கட்சிக்குப் போனது. அந்தக் கட்சியைத் தவிர வேறு கட்சி கிடையாது. தெருவில் காவலர் நிறுத்தினால் மூன்று அட்டைகளைக் காட்ட வேண்டும்: அடையாள அட்டை, ராணுவப் பயிற்சி அட்டை, பனைமரச் சின்னம் போட்ட கட்சி அட்டை. மக்கள் இதை "மூன்று குத்து" என்று அழைத்தார்கள். ரோசாஸின் சிவப்பு நாடா இங்கே அலுவலகம், கோப்பு, ஒற்றர் துறை எல்லாம் சேர்ந்த இயந்திரமாகிவிட்டது. 1937-இல் எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஹெய்ட்டியர்களைக் கொல்ல அவர் உத்தரவிட்டபோது சில நாட்களில் பல்லாயிரம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஹெய்ட்டி அரசுக்கு 7,50,000 டாலர் இழப்பீடு என்று பேசி, பிறகு அதையும் 5,25,000 ஆகக் குறைத்துக்கொண்டார்.

1960 நவம்பர் 25 அன்று, சிறையில் இருந்த கணவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பத்ரியா, மினெர்வா, மரியா தெரேசா என்ற, ஆட்சியை எதிர்த்துப் போராடிய மிராபால் சகோதரிகள் மூவரையும் அவருடைய ஆட்கள் மலைப்பாதையில் வழிமறித்து அடித்துக் கொன்றார்கள். விபத்துபோலக் காட்ட, உடல்களை வண்டியோடு பள்ளத்தில் தள்ளினார்கள். நாட்டில் யாரும் நம்பவில்லை. ஆறு மாதத்தில், 1961 மே 30 இரவு, த்ருஹியோ தன் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாளாக ஐ.நா. நவம்பர் 25-ஐக் கடைப்பிடிப்பது அந்தச் சகோதரிகளின் நினைவாகத்தான்.

ராணுவ ஆட்சி எல்லாமே தனிமனிதர் ஆட்சியா?

புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவை ஆண்டது முப்படைத் தளபதிகளின் குழு. விதேலா, வியோலா, கல்தியேரி, பிக்னோனே என்று அதிபர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கொடூரத்தில் அது யாருக்கும் சளைத்ததில்லை. பிள்ளைகளைக் காணாமல் தவித்த தாய்மார்கள் 1977 முதல் மாயோ சதுக்கத்தில் சுற்றிவந்ததே அதற்குச் சாட்சி. ஆனால் அங்கே ஆண்டது ராணுவம் என்ற நிறுவனம். த்ருஹியோவிடமும் ஸ்ட்ரோஸ்னரிடமும் ராணுவமே ஒரு ஆளின் சொத்து. பராகுவேயில் ஆசிரியரோ மருத்துவரோ அரசு வேலை பார்க்க வேண்டுமென்றால் ஆளும் கொலராதோ கட்சியில் சேர வேண்டும். தளபதிகளுக்குக் கடத்தல் வியாபாரத்தில் பங்கு. அப்படிப்பட்டவரை 1989-இல் கவிழ்த்தவரும் வெளியாள் இல்லை, அவர் மகனின் மாமனாரான ஜெனரல் ரோத்ரிகெஸ்.

சிலியின் பினோசெட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். 1973 செப்டம்பர் 11 அன்று நால்வர் குழுவில் ஒருவராகத்தான் ஆட்சியைப் பிடித்தார். தலைமை சுழற்சி முறையில் வரும் என்றார்கள், அது வரவேயில்லை. முரண்பட்ட விமானப்படைத் தளபதி லீ 1978-இல் நீக்கப்பட்டார். என்றாலும் குழு முழுதாகக் கரைந்துவிடவில்லை. 1988 அக்டோபர் 5 அன்று, பினோசெட் இன்னும் எட்டு ஆண்டு தொடரலாமா என்ற வாக்கெடுப்பு நடந்தது. "வேண்டாம்" என்று சுமார் 56 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அரசு முடிவை இழுத்தடித்த அந்த இரவில், அதிபர் மாளிகைக்குள் நுழைந்துகொண்டிருந்த லீயின் இடத்துக்கு வந்த விமானப்படைத் தளபதி மத்தேய், "வேண்டாம்" பக்கம் வென்றது தனக்குத் தெளிவாகிவிட்டது என்று வாசலிலேயே செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். அதன்பின் முடிவை மாற்றுவதற்குப் பினோசெட்டுக்கு வழியில்லை. த்ருஹியோவின் தளபதி ஒருவர் இப்படிப் பேசியிருப்பார் என்று கற்பனை செய்யவே முடியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பதவிக்காலம்

இந்த ஆட்சிகளை அனுபவித்த நாடுகள் கற்றுக்கொண்டதை அவற்றின் அரசியலமைப்பிலேயே பார்க்கலாம். மெக்சிகோவில் அதிபருக்கு ஒரே ஒரு ஆறாண்டுக் காலம், வாழ்நாளில் மறுபடி நிற்க முடியாது. தியாஸே 1876-இல் மறுதேர்தல் கூடாது என்று கொடிபிடித்து வந்தவர்தான் என்பதை மெக்சிகோக்காரர்கள் மறக்கவில்லை. பராகுவே 1992-இல் எழுதிய சட்டமும் மறுதேர்தலைத் தடுக்கிறது. கோஸ்டா ரிக்கா இன்னும் ஒரு படி மேலே போய், 1948-இல் ராணுவத்தையே கலைத்துவிட்டது.

ஆனால் எழுதிவைத்தது அழிக்கவும் படும். எல் சால்வடோரின் நயீப் புகேலே ராணுவக்காரர் இல்லை. கும்பல் வன்முறையை ஒடுக்கியதால் பெரும்பான்மை மக்களின் ஆதரவும் அவருக்கு உண்மையாகவே இருக்கிறது. அடுத்தடுத்துப் போட்டியிடக் கூடாது என்று அரசியலமைப்பு சொல்லியிருந்தும் 2024-இல் மறுபடி நின்று வென்றார். 2025 ஜூலையில் சட்டமன்றம் மறுதேர்தலுக்கு இருந்த தடையை முழுதாக நீக்கிவிட்டது. அவரை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது. என் கவலையெல்லாம், பிற்காலத்தில் அவரோடு முரண்படும் ஒரு சால்வடோர்க்காரர் எந்த நீதிமன்றத்தை நம்பிப் போவார் என்பதுதான்.

நிகராகுவாவில் அப்படி விவாதிக்க ஒன்றும் மிச்சமில்லை. சொமோசாவை 1979-இல் விரட்டிய சாந்தினிஸ்தாப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான தானியேல் ஒர்தேகா 2006 தேர்தலில் வென்று 2007-இல் மீண்டும் அதிபரானார். 2014-இல் பதவிக்கால வரம்பை நீக்கினார். 2025-இல் மனைவி ரோசாரியோ முரியோவை இணை அதிபராக்கினார். 2023 பிப்ரவரியில் அவருடைய அரசு 222 அரசியல் கைதிகளை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பி, அவர்களின் குடியுரிமையையும் பறித்தது. அந்த விமானத்தில் தோரா மரியா தேயெஸும் இருந்தார். 1978-இல், தன் 22 வயதில், சொமோசா ஆட்சியின் தேசிய மாளிகையைக் கைப்பற்றிய கெரில்லாக் குழுவின் தளபதிகளில் ஒருவர் அவர்.